தலையிடி இருக்கிறதா? சாப்பிட்டாயா? நித்திரை கொண்டாயா?



2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நான் நேபாளத்துக்கு மலைநடை போய் வந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். கிராமங்களுக்கு வரும்போதெல்லாம், "எவரெஸ்ட் அடிவாரம் வரைக்கும் போனீங்களாமே மிஸ், அதைப் பற்றி எழுதுங்கோவன்" என்று கேட்டீர்கள். அடுத்த இதழில் எழுதுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டு வந்தேன். நேரமில்லை என்பது நான் சொன்ன சாட்டு. உண்மைக் காரணம் வேறு. நான் அடிவார முகாம் வரை போகவில்லை. அதற்கு ஒரு நாள் தூரம் இருக்கையில் இறங்கி வந்துவிட்டேன். அதை உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது.

இந்த மாதம் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நாங்கள் போனது எவரெஸ்ட் சிகரத்தில் ஏறுவதற்கு அல்ல. சிகரத்தின் உயரம் 8848 மீற்றர். அடிவார முகாம் 5364 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதுவரை கயிறு கட்டி ஏறத் தேவையில்லை, நடந்தே போகலாம். ஆனாலும் அது சாதாரண நடை அல்ல. எங்கள் நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகல 2524 மீற்றர்தான். நேபாளத்தில் விமானத்தால் இறங்கி நடக்கத் தொடங்கும் லுக்லா என்ற சிற்றூரே 2860 மீற்றர். அதாவது, எங்கள் நாட்டின் உச்சி முடிகிற இடத்துக்கும் மேலேதான் அங்கே முதலாவது அடியை வைக்கிறோம்.

உயரம் கூடக் கூடக் காற்றின் அமுக்கம் குறைகிறது. அடிவார முகாமில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அரைவாசிதான். இங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஒட்சிசனில் பாதிதான் அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும். உடம்பு அதற்குப் பழக நாட்கள் வேண்டும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

முன்னே நடந்தவர்கள்

இந்த ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 2016ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் சிகரத்தில் நின்றார். அந்தச் சிகரத்தைத் தொட்ட முதலாவது இலங்கையர் ஒரு பெண்! அவர் பெண்கள் உரிமைக்காக வேலை செய்பவர் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு இரட்டைச் சந்தோசம். அவரோடு போன யொஹான் பீரிஸ் 8400 மீற்றர் வரை ஏறிய பின் ஒட்சிசன் பிரச்சினையால் திரும்பி இறங்கினார். இரண்டு வருடம் கழித்து, 2018இல் மறுபடி போய்ச் சிகரத்தைத் தொட்டார். அந்தச் செய்தியில் ஜயந்தி ஏறியதை மட்டும்தான் நான் அப்போது கவனித்தேன். அவர் இறங்கியதைக் கவனிக்கவில்லை.

பிறகு ஜப்பானைச் சேர்ந்த ஜுங்கோ தபேயைப் பற்றி வாசித்தேன். 1975 மே 16ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியை அடைந்த உலகின் முதலாவது பெண் அவர். 1939இல் பிறந்தவர், சிறு வயதில் நோஞ்சானாக இருந்தவர். பத்து வயதில் ஆசிரியர் ஒருவர் மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போனதுதான் தொடக்கம். 1969இல் பெண்களுக்கென்றே ஒரு மலையேறும் கழகம் தொடங்கினார். எவரெஸ்ட் பயணத்துக்கு உதவி கேட்டுப் போன இடங்களில், வீட்டிலிருந்து பிள்ளையை வளர்க்கும்படி புத்தி சொன்னார்கள். அவர் பியானோ சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்தார். காரின் இருக்கை உறையை வெட்டிக் கையுறை தைத்தார்கள். இரண்டரை வயது கடந்த மகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார். வழியில் பனிச்சரிவில் புதையுண்டு மீட்கப்பட்டு, 12 நாட்களின் பின் சிகரத்தை அடைந்தார். 2011இல் அவருடைய சொந்தப் பிரதேசத்தைச் சுனாமி தாக்கியது. பாதிக்கப்பட்ட பாடசாலைப் பிள்ளைகளை அடுத்த வருடத்திலிருந்து புஜி மலைக்குக் கூட்டிப்போய் நடக்க வைத்தார். 2016இல் இறக்கும்வரை அதை விடவில்லை. அனர்த்தத்தின் பின் பிள்ளைகளோடு வேலை செய்யும் எனக்கு, அவர் எவரெஸ்ட் ஏறியதிலும் இது பெரிதாகத் தெரிந்தது.

காசும் திட்டமும்

பல்கலைக்கழகத்தில் ஒன்றாகச் சமூகவியல் படித்த நாங்கள் நால்வர் சீட்டுப் போட்டுக் காசு சேர்த்தோம். 2020இல் போவதாக இருந்தது, கொரோனா வந்தது. 2022இல் போவதாக இருந்தது, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. சேர்த்த காசு பெட்டியில் இருந்தபடியே பாதியாகக் கரைந்தது. "இனியாவது அந்தக் காசில் ஒரு சங்கிலி செய்" என்றார் அம்மா. நாங்கள் இன்னும் ஒரு வருடம் சேர்த்தோம்.

போகும் காலம் ஒக்டோபர் என்று முடிவு செய்தோம். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும் மாதம் அது. லுக்லாவுக்குப் பறக்கும் சிறிய விமானத்தில் ஒருவர் 15 கிலோ வரைதான் கொண்டுபோகலாம். எதைக் கொண்டுபோவது என்பதைவிட எதை விட்டுவிட்டுப் போவது என்பதுதான் பெரிய கணக்காக இருந்தது.

திட்டத்தில் எனக்கு ஆச்சரியம் தந்தது நாட்களின் ஒழுங்கு. 3000 மீற்றருக்கு மேலே, இரவு படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். எனவே 3440 மீற்றரில் உள்ள நாம்சே பஸாரில் இரண்டு இரவு, 4410 மீற்றரில் உள்ள டிங்போச்சேயில் இரண்டு இரவு. அந்த ஓய்வு நாளிலும் சும்மா படுத்திருப்பதில்லை. பகலில் கொஞ்சம் உயரம் ஏறிப் பார்த்துவிட்டு, இரவு படுக்கக் கீழே வந்துவிட வேண்டும். "இரண்டு நாளைக் குறைத்தால் காசு மிச்சமே" என்று நான்தான் கேட்டேன். ஓய்வு நாளைக் குறைத்தால் பயணமே இல்லை என்று வழிகாட்டியிடமிருந்து பதில் வந்தது.

வைத்தியரிடம் போனது பயிற்சிக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. குருதியைச் சோதித்தபோது எனக்குக் குருதிச்சோகை இருந்தது. அடிக்கடி களைப்பது வேலைப்பளுவால் என்றுதான் நான் வருடக்கணக்காக நினைத்திருந்தேன். மூன்று மாதம் இரும்புச்சத்துக் குளிசை எடுத்தேன். அதைத் தேநீரோடு எடுத்தால் உடம்பில் சேராது, தேசிக்காய்த் தண்ணீரோடு எடுப்பது நல்லது என்றார் வைத்தியர். காலையில் தேநீரோடு குளிசையை விழுங்குகிற தோழிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சமதரையில் மலைப் பயிற்சி

கிளிநொச்சியில் மலை எங்கே? கண்ணுக்கு எட்டிய தூரம் வயலும் பனையும்தான். இருந்ததைக் கொண்டு பயிற்சி செய்தேன். முதல் மாதம் காலை ஐந்தரை மணிக்கு எழும்பி மூன்று கிலோமீற்றர் நடந்தேன். இரண்டாம் மாதம் அலுவலகத்தின் இரண்டு மாடிப் படிகளை ஏறி இறங்கினேன். பத்துத் தடவையில் தொடங்கி நாற்பது தடவை வரை கூட்டினேன். மூன்றாம் மாதம் முதுகில் பை. அதற்குள் முதலில் இரண்டு கிலோ அரிசி, பிறகு நான்கு, பிறகு எட்டு. சனிக்கிழமைகளில் அந்தப் பையோடு இரணைமடுக் குளக்கட்டில் நீண்ட நடை. சோளகக் காற்று ஆளைத் தள்ளும். கட்டின் சரிவில் ஏறி இறங்கி ஏறி இறங்கி நடப்பேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கிறது என்பதை அங்கேதான் கற்றேன். ஐந்தாம் மாதம் நால்வரும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய், நாட்டின் இரண்டாவது உயரமான மலையான கிரிகல்பொத்தைக்கு ஏறி வந்தோம்.

வாங்கிய சப்பாத்தை அலுவலகத்துக்கும் கிராமத்துக்கும் போட்டுக்கொண்டு திரிந்தேன். புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போனால் கால் கொப்பளித்துவிடும். சேலையும் மலைச் சப்பாத்துமாக நான் கூட்டத்துக்கு வந்ததைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

ஒரு சனிக்கிழமை குளக்கட்டில் எங்கள் சேமிப்புக் குழு அக்கா ஒருவரைச் சந்தித்தேன். தலையில் விறகுக் கட்டு.

"என்ன மிஸ், அரிசியை முதுகிலை கட்டிக்கொண்டு எங்கை போறியள்?"

"பயிற்சி அக்கா. மலையிலை சுமையோடை நடக்கப் பழக வேணும்."

அவர் சிரித்தார். விறகை இறக்கி வைத்துவிட்டுக் கட்டில் இருந்தார். நானும் இருந்தேன். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"2009இலை நாங்கள் நடந்த நடைக்கு எங்களுக்கு ஆர் மிஸ் பயிற்சி தந்தது?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வருடம் நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தவள். அவர் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நடந்தவர். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாராம்.

"அது இருந்தால் எங்கை போனாலும் பிழைக்கலாம் எண்டு நினைச்சன். விசுவமடுவிலை ஒரு வீட்டு விறாந்தையிலை வைச்சிட்டு வந்தன். துணியாலை மூடிப்போட்டுத்தான் வந்தன்."

பிறகு சொன்னார்: "ஒருத்தரும் எங்களை, நில்லுங்கோ, இண்டைக்கு இஞ்சை இளைப்பாறுங்கோ எண்டு சொல்லேல்லை. நிண்டால் போச்சு. இப்பவும் அப்பிடித்தான் மிஸ். நிண்டால் விழுந்திடுவன் எண்டு ஒரு பயம்."

நான் விரும்பித் தூக்கிய எட்டுக் கிலோவையும் அவர் தூக்கிய சாக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நான் வைக்கப்போவதுமில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என்னோடு மலைக்கு வந்தது.

மூன்று கேள்விகள்

எங்கள் வழிகாட்டி ஒரு ஷேர்பா பெண். 'தீதி' என்று கூப்பிட்டோம். நேபாள மொழியில் அக்கா என்று அர்த்தம். நாம்சேயும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்த உள்ளூராட்சிப் பிரிவுக்குப் பசாங் லாமுவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவர் பெருமையோடு சொன்னார். 1993இல் எவரெஸ்ட் சிகரம் ஏறிய முதலாவது நேபாளப் பெண் அவர். இறங்கும் வழியில் உயிரிழந்தார்.

தீதி ஒவ்வொரு காலையும் மாலையும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்பார். தலையிடி இருக்கிறதா? சாப்பிட்டாயா? நித்திரை கொண்டாயா? இவ்வளவுதான். மலைநோயின் முதல் அடையாளங்கள் இவை. தலையிடி, பசியின்மை, குமட்டல், தலைச்சுற்று, நித்திரையின்மை. இந்த நிலையில் அதே உயரத்தில் நின்று ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். மறைத்துக்கொண்டு மேலே போனால் மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். அப்போது உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

டிங்போச்சேயில் இரண்டாவது இரவு எனக்குத் தலையிடித்தது. விடிய தீதி கேட்டபோது, "இல்லை, சுகமாக இருக்கிறேன்" என்றேன். என்னால் மற்ற மூவரும் தாமதிக்கக்கூடாது. ஐந்து மாதப் பயிற்சியும் நான்கு வருடச் சீட்டுக்காசும் வீணாகக்கூடாது. அந்த நேரம் எனக்கு இவை பெரிய நியாயங்களாகத் தெரிந்தன. மற்றவர்களுக்கு ஆரோக்கியம் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறவள் நான். வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அன்று பின்னேரம் 4900 மீற்றர் கடந்து லொபுச்சேக்குப் போய்ச் சேர்ந்தபோது சத்தி எடுத்தேன். தீதி நிலத்தில் ஒரு கோட்டைக் காட்டி, குதியையும் விரலையும் முட்ட வைத்து நேராக நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே சரிந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "இப்போதே இறங்குகிறோம்" என்றார். டோர்ச் வெளிச்சத்தில், ஒரு தோழி ஒரு பக்கமும் தீதி ஒரு பக்கமும் தாங்க, சுமார் 600 மீற்றர் கீழே உள்ள பெரிச்சேக்கு வந்தோம். மலைநோய்க்காரருக்கென்று அங்கே ஒரு சிறிய வைத்தியசாலை இருக்கிறது. பல நாட்டு வைத்தியர்கள் தொண்டாக வந்து வேலை செய்கிறார்கள். ஒட்சிசனும் மருந்தும் தந்தார்கள். காலையில் எழும்பியபோது தலை தெளிந்திருந்தது. மற்ற இருவரும் உதவி வழிகாட்டியோடு முகாம் வரை போய் வந்தார்கள். என்னோடு இறங்கிய தோழிக்கு நான் செய்தது அநியாயம். டிங்போச்சேயில் உண்மையைச் சொல்லி ஒரு நாள் நின்றிருந்தால் ஒருவேளை நால்வரும் போயிருக்கலாம்.

கால்நடையாகப் போகும் தோழிகளுக்கு

எவரெஸ்ட் எல்லோருக்கும் கிட்டாது. ஆனால் உங்களில் பலர் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறீர்கள். சிவனொளிபாதமலைக்கும் போகிறீர்கள். அந்த நடைக்கும் பயிற்சி வேண்டும்.

போவதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். தூரத்தைக் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கிழமையில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வெடுங்கள்.

பிரஷர், சீனி, குருதிச்சோகை இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதியுங்கள்.

போட்டுப் பழகிய செருப்பு அல்லது சப்பாத்தோடு போங்கள். புதியது வேண்டாம்.

பக்கத்தில் நடப்பவரோடு கதைத்துக்கொண்டு போக முடிகிற வேகமே சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடைக்கிடை தண்ணீர் குடியுங்கள்.

வெளிநாட்டு மலைகளுக்குப் போகிறவர்கள் மலைநோய்க் குளிசையை வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

இனி, இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

நேபாளத்தால் வந்து குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். குளக்கட்டில் சந்தித்த அந்த அக்கா, "இறக்கிக் கொண்டு வந்த பிள்ளை கெட்டிக்காரி" என்றார். பிறகு, "அந்த மூண்டு கேள்வியையும் எங்களிட்டையும் கேளுங்கோவன்" என்று பகிடியாகச் சொன்னார். பகிடியாகத் தொடங்கியதுதான், வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கூட்டமும் சேமிப்புக் காசு எண்ணுவதற்கு முன்பு ஒருவர் அந்த மூன்று கேள்விகளையும் கேட்பார். சுற்றிவர எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "இல்லை, சுகம்." அந்தப் பதில் எனக்கு நன்றாகத் தெரிந்த பதில். அதனால் விடாமல் கேட்டு வந்தோம்.

போன மாதக் கூட்டத்தில் அந்த அக்காவின் முறை வந்தது. "தலையிடி இருக்கு" என்றார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். "கன காலமா இருக்கு. விடியப்புறம் கூட. நித்திரையும் இல்லை." மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிரஷர் மிகவும் கூடியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாரிசவாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும் என்றார் வைத்தியர். இப்போது குளிசை எடுக்கிறார், கிளினிக்குக்குப் போகிறார். கிளினிக் நாளில் அவருடைய கோழிகளைக் குழுவிலுள்ளவர்கள் முறைவைத்துப் பார்க்கிறார்கள்.

இந்தக் கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பத்து மணி வெயிலில் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் அவதிப்பட்டு எழும்பப் பார்த்தார்.

"படுங்கோ அக்கா" என்றேன்.

"நிண்டுட்டன் மிஸ். விழேல்லை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

தோழிகளே, இன்று இரவு உங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடமோ தங்கச்சியிடமோ அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "சுகம்" என்றுதான் முதலில் பதில் வரும். நாளைக்கும் கேளுங்கள். உங்களிடம் அவர் திருப்பிக் கேட்டால் என்னைப் போலப் பொய் சொல்லாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.